'செல்ஃப் எடுக்கலையா?': சார்ல்ஸ் கெட்டரிங்கும், இரும்பு வண்டிகளுக்குள் ஓடும் ஒரு வயரும்

காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரம். பைக் பட்டனை அழுத்தினால் 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் மட்டும். உடனே நம் வாயில் வருவது, 'வண்டி செல்ஃப் எடுக்கலை'. அந்த 'செல்ஃப்' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' என்பதன் சுருக்கம்தான் அது. அதைக் காருக்குள் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்துப் பண்ணை வீட்டில் பிறந்த சார்ல்ஸ் கெட்டரிங்.

காரோடு அவர் கதை முடியவில்லை. மண்ணைத் தள்ளும் பழைய கிராலர் டிராக்டர்கள் வரை, அதாவது நம் ஊர்ப் பேச்சில் 'செயின் வண்டி' வரை, அவருடைய வேலை போய்ச் சேர்ந்தது. அந்த வண்டிகளைப் பழுது பார்ப்பவர்கள் இன்றும் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: இந்த வயரை எந்த வழியாகக் கொண்டுபோவது, எப்படிக் காப்பது? இந்தக் கேள்விக்கான விடை கெட்டரிங்கின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. அவர் சறுக்கிய இடத்துக்கும் அதே விடை பொருந்துகிறது.

கண் பிரச்சினையும் டெலிபோன் கம்பமும்

1876 ஆகஸ்ட் 29. ஓஹியோவின் லவுடன்வில் அருகே ஒரு பண்ணையில் பிறந்தார் கெட்டரிங். படிப்பில் கெட்டிக்காரர். ஆனால் கண் பார்வை பலவீனம். நீண்ட நேரம் படித்தால் தாங்க முடியாத தலைவலி. பள்ளி முடித்து, கிராமப் பள்ளியில் வாத்தியாராக வேலை பார்த்து, பிறகு ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கண் பிரச்சினை முற்றியதால் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

அந்த இடைவெளியில் கிடைத்த வேலை டெலிபோன் லைன் போடுவது. குழி தோண்டிக் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, மழையிலும் பனியிலும் அறுந்த இடத்தைத் தேடிப் போக வேண்டும். விரைவிலேயே ஒரு குழுவுக்கு மேஸ்திரி ஆனார். கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நடுவில் ஒரு மோசமான ஜாயின்ட் இருந்தால் மொத்த லைனும் செத்துவிடும் என்பதைத் தினமும் கையால் தொட்டுப் பார்க்கும் வேலை அது. வருங்கால மனைவி ஆலிவ் வில்லியம்ஸைச் சந்தித்ததும் இந்தக் காலத்தில்தான்.

பிறகு பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி, 1904-ல் எலெக்ட்ரிகல் இன்ஜினீயரிங் பட்டம் வாங்கும்போது அவருக்கு வயது 27.

கல்லாப்பெட்டி கொடுத்த ஐடியா

முதல் வேலை டேட்டன் நகரில் இருந்த நேஷனல் கேஷ் ரிஜிஸ்டர் நிறுவனத்தில். அப்போது கடைகளில் கல்லாப்பெட்டி மெஷினைக் கைப்பிடி சுற்றித்தான் இயக்குவார்கள். அதை மின்சாரத்தில் ஓடவைப்பது கெட்டரிங்குக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

சிக்கல் என்னவென்றால், அந்த மெஷினைச் சுற்றத் தேவையான விசைக்குப் பெரிய மோட்டார் வேண்டும். பெரிய மோட்டார் பெட்டிக்குள் அடங்காது. கெட்டரிங் வேறு மாதிரி யோசித்தார். கல்லா நாள் முழுக்கச் சுற்றப் போவதில்லை. ஒவ்வொரு முறையும் ஒன்றிரண்டு நொடிதான். அப்படியானால் சின்ன மோட்டாரையே அதன் வழக்கமான அளவைத் தாண்டிச் சில நொடிகள் வேலை வாங்கலாம். சூடேறுவதற்குள் வேலை முடிந்துவிடும். ஐடியா பலித்தது.

1909-ல் அவரும் நண்பர் எட்வர்ட் டீட்ஸும் சேர்ந்து 'டேட்டன் இன்ஜினீயரிங் லேபரட்டரீஸ் கம்பெனி'யைத் தொடங்கினார்கள். சுருக்கமாக 'டெல்கோ'. ஆரம்ப நாள்களின் ஒர்க்‌ஷாப், டீட்ஸ் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகை. பழைய ஆபீஸ் சகாக்கள் மாலையிலும் விடுமுறையிலும் வந்து வேலை செய்தார்கள். முதல் வெற்றி, பேட்டரியைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் இக்னிஷன் முறை. பேட்டரி, காயில், காண்டாக்ட் பாயின்ட் சேர்ந்த இக்னிஷனுக்கு இன்றைக்கும் 'கெட்டரிங் இக்னிஷன்' என்றுதான் பெயர். எலெக்ட்ரானிக் முறை வரும்வரை உலகின் பெரும்பாலான பெட்ரோல் கார்கள் அதில்தான் ஓடின.

கையை முறித்த கைப்பிடி

அந்தக் காலத்தில் காரை ஸ்டார்ட் செய்ய முன்பக்கம் போய் இரும்புக் கைப்பிடியைச் சொருகிச் சுற்ற வேண்டும். நம் ஊரில் பழைய லாரிக்கு 'ஹேண்டில் போடுவது' போலத்தான். தீப்பொறி சற்று முந்திவிட்டால் இன்ஜின் எதிர்ப்பக்கமாக உதைக்கும். கை எலும்பு முறியும். சில நேரம் தாடை உடையும்.

கார்ட்டர்கார் நிறுவனர் பைரன் கார்ட்டர் இப்படி அடிபட்டு இறந்ததுதான் கேடிலாக் தலைவர் ஹென்றி லீலண்டை உலுக்கியது என்பது டெட்ராய்டில் காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. எப்படியோ, கைப்பிடிக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்ற வேலை கெட்டரிங்கிடம் வந்தது.

இன்ஜினைச் சுற்றவைக்கும் அளவுக்கு மோட்டாரும் பேட்டரியும் வைத்தால் காரில் ஆள் உட்கார இடம் இருக்காது என்பதுதான் அப்போது பலர் சொன்ன தடை. கல்லாப்பெட்டியில் விடை கண்டவருக்கு அது தடையாகத் தெரியவில்லை. சில நொடிக்கு மட்டும் ஓவர்லோடு எடுக்கும் மோட்டார் போதும். 1911-ல் சோதனை வெற்றி. 1912 மாடல் கேடிலாக் கார்கள் செல்ஃப் ஸ்டார்ட்டரோடு விற்பனைக்கு வந்தன. காப்புரிமை 1915-ல் கிடைத்தது.

அவர் செய்தது மோட்டார் மட்டுமல்ல

பலரும் தவறவிடும் விஷயம் இது. கெட்டரிங் கண்டுபிடித்தது ஒரு மோட்டாரை மட்டுமல்ல, ஒரு முழு சுற்றை. அவருடைய மெஷின் ஸ்டார்ட் செய்யும்போது மோட்டார். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அதுவே ஜெனரேட்டராக மாறி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும். ஸ்டார்ட் செய்ய 24 வோல்ட், விளக்குக்கும் சார்ஜுக்கும் 6 வோல்ட். இக்னிஷனும் விளக்கும் ஸ்டார்ட்டும் முதல்முறையாக ஒரே குடும்பம் ஆயின.

அந்தக் குடும்பத்தைச் சேர்த்துக் கட்டியது வயர். அதுவரை கேஸ் விளக்கும் சில உலர் பேட்டரிகளுமாக ஓடிய கார்களுக்குள், பேட்டரியில் தொடங்கி பேட்டரியில் முடியும் ஒரு வயர் வலை வந்தது. ஒரு முனையில் சின்ன விளக்குக்கு ஓரிரு ஆம்பியர். மறுமுனையில் ஸ்டார்ட்டருக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியர். இரண்டுக்கும் ஒரே அளவு வயர், ஒரே மாதிரி பாதுகாப்பு என்பது நடக்காத காரியம்.

கெட்டரிங் இதே சிந்தனையை வீட்டுக்கும் கொண்டுபோனார். 1916-ல் 'டெல்கோ லைட்' வந்தது. கரண்ட் கம்பி எட்டாத பண்ணை வீடுகளுக்கான சின்ன ஜெனரேட்டர், பேட்டரி செட். மண்ணெண்ணெய் விளக்கொளியில் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட பண்ணைப் பையன்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செயின் வண்டி என்ற கடினமான பரீட்சை

கெட்டரிங் பட்டம் வாங்கிய அதே 1904-ல், நாட்டின் மறுகோடியில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் அருகே மண் மிகவும் இளக்கம். சக்கர டிராக்டர்கள் புதைந்துபோயின. பெஞ்சமின் ஹோல்ட் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, சுற்றி ஓடும் தடத்தை மாட்டி 1904 நவம்பரில் சோதித்தார். வண்டி புதையவில்லை. 1925-ல் ஹோல்ட் நிறுவனமும் போட்டி நிறுவனமான பெஸ்ட்டும் இணைந்து 'கேட்டர்பில்லர்' ஆனது.

இந்த வண்டிகளில் ஆரம்பத்தில் வயரே ரொம்பக் குறைவு. பெட்ரோல் இன்ஜினுக்கு மேக்னெட்டோ போதும். அது சுற்றும்போது தானே தீப்பொறிக்கு மின்சாரம் தயாரித்துக்கொள்ளும். பேட்டரி தேவையில்லை. 1931-ல் கேட்டர்பில்லர் டீசல் கிராலரை விற்க ஆரம்பித்தபோதும் செல்ஃப் ஸ்டார்ட்டரை நம்பவில்லை. டீசல் இன்ஜினின் கம்ப்ரஷன் அதிகம். குளிர்காலக் காலையில் அன்றைய பேட்டரிகளால் அதைச் சுற்றவைப்பது கஷ்டம். எனவே பக்கத்திலேயே 2 சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் ஒன்றைப் பொருத்தினார்கள். 'போனி இன்ஜின்' என்று பெயர். குட்டி இன்ஜினைக் கையால் ஸ்டார்ட் செய்து, அதை வைத்துப் பெரிய இன்ஜினைச் சுற்ற வேண்டும்.

இந்த இடத்தில்தான் கெட்டரிங் மறுபடியும் வருகிறார். 1920 முதல் அவர் ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர். தன் சொந்தப் படகான 'ஆலிவ் கே'யில் டீசல் இன்ஜினை ஓட்டிப் பார்த்து, இவ்வளவு பெரிதாகவும் கனமாகவும் ஏன் இருக்க வேண்டும் என்ற கேள்வியில் மாட்டிக்கொண்டார். விளைவு, எடை குறைந்த டூ ஸ்ட்ரோக் டீசல். முதலில் ரயில்களில் ஓடியது. 1934-ல் வந்த 'பர்லிங்டன் ஸெஃபைர்' ரயில் அதற்குப் பெரிய விளம்பரம். 1938-ல் தொடங்கிய டெட்ராய்ட் டீசல் பிரிவு, சிறிய வகையான '71 சீரீஸ்' இன்ஜின்களைத் தயாரித்தது.

மில்வாக்கியைச் சேர்ந்த அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம் அந்த இன்ஜின்களைத் தன் எச்டி-7, எச்டி-10, எச்டி-14 கிராலர்களில் பொருத்தியது. போனி இன்ஜின் கிடையாது. பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட். ஆக, கெட்டரிங்கின் இளமைக்கால ஸ்டார்ட்டரும் நடுவயது டீசலும் ஒரே செயின் வண்டியில் சந்தித்துக்கொண்டன. அவற்றை இணைத்த கனமான வயர், காரில் பார்க்காத கஷ்டங்களையெல்லாம் இங்கே பார்த்தது.

வயர் ஏன் இங்கே சீக்கிரம் சாகிறது?

காருக்கு ஸ்பிரிங் உண்டு, ரப்பர் டயர் உண்டு. பழைய கிராலரில் இரும்புத் தடம் கல்லில் ஏறி இறங்கும் அதிர்வு அப்படியே ஃபிரேமுக்கு வரும். அதோடு மண், சேறு, கசியும் டீசல், சைலன்ஸர் சூடு, முன்னும் பின்னும் போகும் லீவர்கள். அன்றைய வயர்களின் மேலுறை ரப்பர். அதன்மேல் பருத்தி நூல் பின்னல். எண்ணெய் பட்டால் ரப்பர் உப்பும், சூடு பட்டால் விறைத்து வெடிக்கும். இன்று அந்த வண்டிகளை மீட்டெடுப்பவர்கள் தொட்டவுடன் பல வயர்களின் உறை பொரிந்த அப்பளம் மாதிரி உதிர்கிறது.

உறை போன வயர் இரும்பில் பட்டால் ஷார்ட் சர்க்யூட். கிராலரின் அடித்தட்டில் பொதுவாக எண்ணெயும் காய்ந்த இலையும் சேர்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும். வண்டியே எரிந்துவிடும்.

அதனால் பழைய கிராலரில் வயரிங் செய்பவர்கள் பார்க்க வேண்டியவை இவை:

- ஸ்டார்ட்டர் கேபிள் தடிமனாக, குட்டையாக இருக்க வேண்டும். கணக்கு சிம்பிள். 300 ஆம்பியர் ஓடும்போது வழியில் 0.01 ஓம் தடை கூடுதலாக இருந்தாலே 3 வோல்ட் காணாமல் போகும். 12 வோல்ட் வண்டியில் அது கால் பங்கு. 6 வோல்ட் வண்டியில் பாதி. 'செல்ஃப் எடுக்கலை' என்று மோட்டாரைக் கழற்றும் முன் கேபிளையும் முனைகளையும் பார்ப்பது இதனால்தான்.

- எர்த் இணைப்பு பளிச்சென்று இருக்க வேண்டும். மின்சாரம் ஃபிரேம் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. லக் உட்காரும் இடத்தில் பெயின்டும் துருவும் இருந்தால், போகும் வழி எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. சுரண்டி வெறும் இரும்பில் இறுக்க வேண்டும்.

- வழி உயரமாக, உள்பக்கமாகப் போக வேண்டும். சேறு சேரும் அடித்தட்டு, தடத்தின் ஓரம், சைலன்ஸர் பக்கம் எல்லாம் கூடாது. டீசல் குழாயோடு சேர்த்துக் கட்டவும் கூடாது. ஒன்று உரசினால் இன்னொன்று எரியும்.

- தகட்டைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் புஷ் வேண்டும். தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி. அதிர்வு அந்தக் கத்தியால் நாள் முழுக்க அறுத்துக்கொண்டே இருக்கும்.

- ரப்பர் வைத்த கிளிப்பால் நெருக்கமாகப் பிடிக்க வேண்டும். தொங்கும் வயர் ஆடும். ஆடும் வயர் தேயும். அதேநேரம், அசையும் பாகத்துக்குப் போகும் வயருக்குக் கொஞ்சம் தளர்வு விட வேண்டும். இல்லையென்றால் முனையில் பிய்ந்துவிடும்.

- ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். விளக்குக்கு அருகில் வைத்தால், பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே உள்ள நீளம் முழுக்கப் பாதுகாப்பில்லாதது. ஸ்டார்ட்டர் கேபிளுக்கு வழக்கமாக ஃபியூஸ் இருக்காது. அதற்கு அது போகும் வழிதான் காவல். பேட்டரியைத் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்று இருந்தால் இரவில் நிம்மதி.

மேக்னெட்டோ வைத்த பழைய வண்டியில் இன்னொரு விசித்திரம் உண்டு. இன்ஜினை அணைக்கும் வயர், மேக்னெட்டோவை எர்த் செய்துதான் அணைக்கிறது. அந்த ஒற்றை வயர் எங்காவது தேய்ந்து இரும்பில் பட்டால், இன்ஜின் காரணமே தெரியாமல் நின்றுவிடும். அறுந்துபோனால், சுவிட்சைப் போட்டாலும் நிற்காது.

பழைய வண்டிகளில் நல்ல கம்பெனி வயரிங், இரும்புக் குழாய்க்குள்ளோ சுருள் உலோக உறைக்குள்ளோ போயிருக்கும். இப்போது நெளிவுள்ள நைலான் ஸ்லீவ் அந்த வேலையைச் செய்கிறது. பொருள் மாறிவிட்டது, விதி மாறவில்லை. சக்தி எங்கே ஓடுகிறதோ அங்கே காப்பு வேண்டும்.

காப்பு இல்லாமல் போன இடம்

இந்த விதியை இவ்வளவு நன்றாகத் தெரிந்தவர், தன் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவு ஒன்றில் அதைக் கைவிட்டார்.

1910-களில் கார் இன்ஜின்கள் 'நாக்' ஆகும் பிரச்சினை பெரிதாக இருந்தது. பெட்ரோல் சிலிண்டருக்குள் தவறான நேரத்தில் வெடித்து, சுத்தியலால் தட்டுவது போலச் சத்தம் வரும். கெட்டரிங்கின் பேட்டரி இக்னிஷன்தான் காரணம் என்று சிலர் குறை சொன்னார்கள். கோளாறு எரிபொருளில்தான் என்று காட்ட அவர் தீவிரமாக இறங்கினார். அவருடைய குழுவில் இருந்த தாமஸ் மிட்ஜ்லி, 1921 டிசம்பரில் விடையைக் கண்டார். டெட்ரா எத்தில் லெட், அதாவது ஈயம் கலந்த ஒரு திரவம். பெட்ரோலில் சில சொட்டு கலந்தாலே நாக் நின்றது.

ஆல்கஹால் கலந்தாலும் நாக் குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஈயம் விஷம் என்பதும் அப்போதே மருத்துவ உலகுக்குத் தெரியும். ஆனாலும் மலிவானதும் காப்புரிமை பெறக்கூடியதுமான ஈயமே சந்தைக்குப் போனது. 'எத்தில்' என்று பெயர் வைத்தார்கள். பெயரில் ஈயம் இல்லை. 1924-ல் உருவான எத்தில் நிறுவனத்தின் தலைவர் கெட்டரிங்.

அதே 1924 அக்டோபரில் நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் அந்த திரவத்தைத் தயாரித்த தொழிலாளர்கள் 5 பேர் இறந்தார்கள். பலர் மனநிலை பிறழ்ந்து மருத்துவமனையில் சேர்ந்தார்கள். விற்பனை நிறுத்தப்பட்டது. 1925-ல் அரசு ஒரு மாநாடு கூட்டியது. கெட்டரிங் தலைவர் பதவியிலிருந்து விலகினார். ஆனால் அடுத்த ஆண்டே ஈய பெட்ரோல் திரும்பி வந்தது. ஆலைக்குள் பாதுகாப்பு கூட்டினார்கள். சாலையில் புகையைச் சுவாசிப்பவர்களுக்கு எந்தக் காப்பும் இல்லை.

பிறகு பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க வாகனப் புகையோடு ஈயம் பரவியது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும் என்பது உறுதியாகி, ஒவ்வொரு நாடாகக் கைவிட்டது. அமெரிக்கா சாலை வாகனங்களுக்கு 1996-ல் முழுமையாகத் தடை செய்தது. இந்தியாவில் 2000-ல் நின்றது. கடைசி நாடான அல்ஜீரியாவில் 2021-ல்தான் முடிந்தது.

அவர் விட்டுப்போனது

கெட்டரிங்கின் எல்லாத் திட்டமும் வென்றதில்லை. தண்ணீருக்குப் பதில் செம்புத் துடுப்புகளால் குளிர்விக்கும் இன்ஜினை 1923-ல் செவர்லே கார்களில் பொருத்தினார். விற்ற சில கார்களையும் நிறுவனம் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. மனமுடைந்து ராஜினாமா செய்யவும் முன்வந்தார். நிறுவனத் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் விடவில்லை. பின்னாளில் அந்த இருவரின் பெயரில்தான் 1945-ல் நியூயார்க்கில் ஸ்லோன்-கெட்டரிங் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. அடுத்த ஆண்டே மனைவி ஆலிவ் இறந்தார். 1947-ல் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற கெட்டரிங், 1958 நவம்பரில் தன் 82-வது வயதில் காலமானார். அவர் பெயரில் 180-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள். ஓஹியோவில் ஒரு நகரத்துக்கும், மிஷிகனில் ஒரு பல்கலைக்கழகத்துக்கும் அவர் பெயர்தான்.

கை முறியாமல் வண்டி ஸ்டார்ட் ஆனதற்கும் அவர் காரணம். பல தலைமுறைக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கலந்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. இரண்டில் ஒன்றை மட்டும் சொன்னால் கதை பாதிதான்.

ஓஹியோவிலோ விஸ்கான்சினிலோ ஏதோ ஒரு கொட்டகையில், துருப்பிடித்த எச்டி-7 ஒன்றை இப்போதும் யாராவது மீட்டுக்கொண்டிருப்பார்கள். உதிர்ந்த வயரைப் பிடுங்கி, புது கேபிள் இழுத்து, ஒவ்வொரு துளையிலும் ரப்பர் புஷ் வைத்து, கடைசியாகப் பட்டனை அழுத்துவார்கள். இன்ஜின் எழுந்துகொள்ளும். யார் கண்ணிலும் படாமல் உள்ளே மறைந்திருக்கும் அந்த உறை இருக்கும்வரைதான் அது பாதுகாப்பாக ஓடும்.